ஜெய்சல்மேர், ஜோத்பூர், பூஜ்: வன்னியில் இருந்து போகிறவர் எந்தப் பாலைவன அருங்காட்சியகத்தைப் பார்ப்பது?

கிளிநொச்சியில் இருக்கிற என் தங்கச்சி குடும்பம் காலபோக அறுவடை முடிந்த கையோடு இந்தியாவுக்குப் போகிறது. சென்னை, தி.நகர், வடபழனி எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது, இந்த முறை பாலைவனம் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஒட்டகமும் மணலும் அங்கே எந்தப் பக்கம் போனாலும் கிடைக்கும், அதோடு அந்த ஊர்ச் சனம் எப்படிச் சீவித்தது என்று காட்டுகிற ஓர் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள் என்று மூன்று இடங்களின் பெயரை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அண்ணா, மூண்டுக்கும் போகக் காசும் காணாது, நாளும் காணாது. ஒண்டைச் சொல்லுங்கோ."

ஒன்றைச் சொல்வது லேசான வேலை இல்லை. ராஜஸ்தானின் மேற்கு மூலையில், ஜெய்சல்மேரின் கடிசர் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பாலைவனப் பண்பாட்டு மையம் ஒன்று. ஜோத்பூருக்கு வெளியே மோக்லாவாஸ் கிராமத்துக்குக் கிட்ட இருக்கிற அர்ணா ஜர்ணா இரண்டாவது. மூன்றாவது குஜராத்தின் கட்ச் மாவட்டத்துப் பூஜ் நகரம், அங்கே ஒன்றல்ல, பல இருக்கின்றன. மூன்று பக்கமும் வெவ்வேறு காலத்தில் நான் போயிருக்கிறேன், அபிப்பிராயமும் இருக்கிறது, அதை ஒளிக்கப் போவதில்லை: ஒன்றுதான் என்றால் அர்ணா ஜர்ணா. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. தங்கச்சி வீட்டுக்குள்ளேயே பொருந்தாத ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் பயணம், பாதித் தீர்மானத்தை அதுவே எடுத்துவிடும். இப்போது வன்னிக்காரர் கட்டுநாயக்காவுக்கு இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏ9 வீதியால் வடக்கே போய்ப் பலாலியில் ஏறினால் சென்னை. 2022 டிசம்பரில் அலையன்ஸ் ஏர் அந்தச் சேவையைத் திரும்பத் தொடங்கியது, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. கடல் ஒத்துக்கொள்ளும் என்றால் காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கிறது, ஆனால் அது நின்று நின்று ஓடிய சேவை, அந்தந்த மாதம் விசாரித்துவிட்டே நம்ப வேண்டும். சென்னையில் இருந்து ஜோத்பூருக்கு நேர் ரயில் உண்டு, இரண்டு இரவு ரயிலுக்குள்ளேயே கழியும். அங்கிருந்து ஜெய்சல்மேர் இன்னும் 280 கிலோமீற்றர் அளவு, ஐந்தாறு மணித்தியாலம். பூஜ் வேறு திசை, அகமதாபாத்துக்குப் போய் அங்கிருந்து 330 கிலோமீற்றர் அளவு மேற்கே போக வேண்டும். அதனால் ஜோத்பூரையும் ஜெய்சல்மேரையும் ஒரே பயணத்துக்குள் அடக்கலாம். பூஜ் நகரத்தையும் சேர்க்க வெளிக்கிட்டால் பாதி விடுமுறையை ரயில் ஜன்னலால்தான் பார்க்க வேண்டிவரும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. நவம்பரில் இருந்து பெப்ரவரி வரைதான் அங்கே மனுசர் வெளியில் நடமாடலாம், ஏப்ரல் தொட்டால் வெயில் ஆளை வாட்டி எடுத்துவிடும். டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழேயும் இறங்கும், எங்கள் வீடுகளில் கம்பளிச் சட்டை வைத்திருக்கிறவர் யார்? அறுவடை முடித்துப் பெப்ரவரியில் போகிறவர்களுக்கு இன்னொரு யோகமும் உண்டு, ஜெய்சல்மேரின் பாலைவனத் திருவிழா அந்த மாதப் பூரணையை ஒட்டித்தான் வரும். பார்க்க வடிவுதான், ஆனால் அந்த நாட்களில் அறை வாடகை ஏறி நிற்கும்.

சரி, ஜெய்சல்மேர்.

அந்தப் பண்பாட்டு மையத்தை 1997 இல் தொடங்கியவர் என். கே. சர்மா என்ற உள்ளூர் ஆசிரியர். அரசாங்கத்துக் கட்டடம் மாதிரி இருக்காது. ஒருவர் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்த சாமான் நிறைந்த வீடு மாதிரித்தான் இருக்கும், அதுதான் அதன் அழகும் குறையும். பழைய நாணயங்கள், துணிகள், பாத்திரங்கள், வாத்தியங்கள், அந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததைச் சொல்கிற கல்லாய்ப்போன உயிர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கரல் என்று ஒரு மரச்சாமான் இருக்கிறது, அபினைத் தண்ணீரில் கரைத்து வடித்து விருந்தாளிக்குக் கொடுக்கிற பாத்திரம். எங்கள் ஊரில் படலையைத் திறந்து வந்தவருக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவது போல, அங்கே சண்டைக்காரர்கள் சமாதானம் ஆகவும் கலியாணம் பேசவும் அதைக் கரைத்துக் கையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் என்ன விளக்கம் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு அங்கே உண்மையான கவர்ச்சி பின்னேரத்துப் பொம்மலாட்டம். மரத்தலையும் துணிப் பாவாடையுமாக, கால் இல்லாத பொம்மைகள், மேலே நூலைப் பிடித்தபடி ஆட்டுகிறவர் வாயில் ஓர் ஊதலை வைத்துக் கீச்சுக்குரல் எழுப்புவார், ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாத பிள்ளையும் விழுந்து விழுந்து சிரிக்கும். நாகோரின் ராஜபுத்திர வீரர் அமர்சிங் ராத்தோரின் கதைதான் இந்தப் பொம்மலாட்டக்காரர்களின் பரம்பரைச் சொத்து, ஆனால் சுற்றுலாக்காரருக்கு ஆடும்போது கதை குறைந்து வேடிக்கை கூடிவிடுகிறது. முல்லைத்தீவில் விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

ஜெய்சல்மேரில் எனக்கு அருங்காட்சியகத்தை விடப் பிடித்தது வெளியே இருக்கிற கடிசர்தான். வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் மழைகூடச் சரியாகக் கிடைக்காத ஊர் அது. வன்னியில் வறட்சி என்று நாங்கள் தலையில் கை வைக்கிற வருடங்களிலும் அதைவிடப் பல மடங்கு மழை பெய்கிறது. அப்படிப்பட்ட ஊருக்கு 14 ஆம் நூற்றாண்டில் வெட்டிய அந்த ஒரு குளம்தான் நெடுங்காலம் குடிதண்ணீர். குளத்துக்கு இறங்குகிற வாசல் கோபுரத்தைத் திலோன் என்ற தாசி கட்டினாள், தாசி கட்டிய வாசலால் ராஜ குடும்பம் போவதா என்று எதிர்ப்பு வந்ததும் மேலே ஒரு கிருஷ்ணன் கோயிலை வைத்துவிட்டாள், அதன்பிறகு இடிக்க யாருக்கும் துணிவு வரவில்லை என்று கதை சொல்வார்கள். குளக்கட்டில் பிள்ளையாரையோ ஐயனாரையோ வைத்தால் கட்டில் கைவைக்க ஆட்கள் யோசிப்பார்கள் என்பது எங்களுக்கும் தெரிந்த சூட்சுமம்தானே.

மச்சான் வயல்காரர், அவருக்கு ஜெய்சல்மேரில் காட்ட வேண்டியது கதீன். பாலிவால் பிராமணர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பு பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. கற்பாறைச் சரிவு முடிகிற இடத்தில் நீளமாக ஒரு மண் அணை, அவ்வளவுதான். பெய்கிற கொஞ்ச மழையும் சரிவால் ஓடிவந்து அணைக்குள் தேங்கும், மெல்ல மெல்ல ஊறும், தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைத்துவிடுவார்கள். வாய்க்காலும் இல்லை, துருசும் இல்லை, குளமே வயல். இரணைமடுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கமக்காரர் கூட்டத்தில் மல்லுக்கட்டுகிற மச்சான் அதைப் பார்த்தால் அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். அந்தப் பாலிவால்கள் விட்டுப்போன குல்தரா கிராமம் ஊரில் இருந்து 18 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, கூரை இல்லாத கல்வீடுகள் வரிசை வரிசையாக. பேய் நடமாடுகிற ஊர் என்று சொல்லி ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். ஊரோடு இடம்பெயர்ந்து திரும்பி வந்து கூரையில்லாத சுவரைப் பார்த்த எங்களுக்குப் பேய்க்கதை எடுபடாது. இன்னொன்று, பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டுக்காரருக்குத் தனி அனுமதி வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டும் வெளிநாடுதான். வாடகைக் கார்க்காரர் "பரவாயில்லை, வாங்க" என்று கூப்பிட்டாலும் விசாரிக்காமல் போகாதீர்கள்.

இனி ஜோத்பூர் பக்கம். நகரத்தில் இருந்து 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கல் உடைத்து முடிந்து கைவிட்ட மணற்கல் குவாரி நிலத்தில் அர்ணா ஜர்ணா இருக்கிறது. பளபளப்பான வாசலும் வரிசையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாறை, முட்செடி, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சில கொட்டில்கள், மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஒரு சின்ன அருவி. இதைக் கனவு கண்டவர் கோமல் கோத்தாரி. 1929 இல் பிறந்து 2004 இல் இறந்தவர், வாழ்நாள் முழுக்க ராஜஸ்தானின் நாட்டார் பாட்டையும் கதையையும் தேடி அலைந்தவர். 1960 இல் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைக்கு உலக மேடைகளில் லங்கா, மாங்கணியார் என்ற பரம்பரைப் பாட்டுக்காரர்கள் பாடுகிறார்கள் என்றால் அதில் இவருடைய பங்கு பெரிது.

அங்கே முதலில் காட்சிக்கு வைத்தது என்ன தெரியுமா? விளக்குமாறு. ராஜாவின் வாளும் இல்லை, ராணியின் நகையும் இல்லை. ராஜஸ்தானின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு புல்லிலும் ஈச்சோலையிலும் மூங்கிலிலும் கட்டிய விளக்குமாறுகள், நூற்றுக்கு மேல். வீட்டுக்குள்ளே கூட்டுகிற மெல்லியது, முற்றம் கூட்டுகிற முரடு, களத்தில் தானியம் ஒதுக்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கிட்டப் போய்க் கட்டைப் பாருங்கள். சிலது ஓலையையே பிளந்து பின்னி முடிந்தது, சிலது கயிற்றால் இறுக்கி வரிந்தது, பிடி எவ்வளவு நீளம் என்பதிலேயே கூட்டுகிறவர் குனிந்து கூட்டினாரா நிமிர்ந்து கூட்டினாரா என்று தெரிந்துவிடும். அப்புறம் கேள்வி தானாக வரும்: இதைக் கட்டியது எந்தச் சாதி, தெருவைக் கூட்டியது எந்தச் சாதி, அவர்களுக்கு என்ன கூலி? விளக்குமாறு என்று தொடங்கி நேராகச் சாதிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிற காட்சிக்கூடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கும் என்று அடித்துச் சொல்வேன். வீட்டில் ஈர்க்குமாறும் தும்புத்தடியும் வேறு வேறு மூலையில்தான் இருக்க வேண்டும், விளக்கு வைத்த பிறகு கூட்டினால் இலட்சுமி போய்விடுவாள் என்று எங்களைத் துரத்தியவர் அவர். அங்கேயும் விளக்குமாறு இலட்சுமிதான். அம்மை நோய்க்கு உரிய சீதளா மாதா அங்கே கழுதைமேல் வருவாள், கையில் ஒரு விளக்குமாறும் தண்ணீர்க் குடமும். அம்மாள் வருத்தம் வந்தால் படலையில் வேப்பிலை செருகுகிற ஊர்க்காரருக்கு அவளை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

விளக்குமாற்றோடு மண்பாண்டங்களும் வாத்தியங்களும் இருக்கின்றன. கோத்தாரி ராஜஸ்தானை ராஜாக்களின் எல்லைப்படி பிரிக்கவில்லை, சனம் எதைச் சாப்பிடுகிறது என்று பார்த்துப் பிரித்தார்: கம்பு விளைகிற வறண்ட மேற்கு, இறுங்கு விளைகிற பகுதி, மக்காச்சோளம் விளைகிற தெற்கு. என்ன தானியம் என்று தெரிந்தால் என்ன சட்டி, என்ன மாடு, என்ன பாட்டு, என்ன சாமி என்பதெல்லாம் பின்னால் வரும் என்பது அவருடைய கணக்கு. கமைச்சாவை அங்கே பாருங்கள், தோல் போர்த்த வட்டக் குடம், வில்லால் வாசிக்கிறது. அதை வாசிக்கிற மாங்கணியார்கள் முஸ்லிம்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திர இந்து வீடுகளின் பிறப்புக்கும் கலியாணத்துக்கும் பாடுகிறவர்கள் அவர்கள்தான்.

நான் ஏன் இதற்கு ஓட்டுப் போடுகிறேன் என்றால், 2009 இல் எங்கள் வீடுகளில் இருந்த உரலும் உலக்கையும் பெட்டகமும் மூக்குப்பேணியும் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர் உரலையா தூக்குவார்? வவுனியாத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பழைய கற்சிலைகளைப் பார்க்கலாம், நல்லதுதான், ஆனால் கற்சிலை எங்கள் குசினியில் இருக்கவில்லை. தேய்ந்த விளக்குமாற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது என்று எழுதி வைக்கிற இடம் வன்னிக்காரருக்கு வேறு மாதிரிப் பேசும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிழல் குறைவு, தரை கரடுமுரடு, முழங்கால் நோக்காடு உள்ளவர்கள் ஆறுதலாக நடக்க வேண்டும். பொருட்கள் குறைவு, விளக்க ஆள் இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் "இவ்வளவுதானா மாமா" என்று கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

பூஜ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன், தங்கச்சி தையல்காரி என்பதால் முடியவில்லை. ஊருக்குள் இருக்கிற கட்ச் அருங்காட்சியகம் 1877 இல் தொடங்கியது, குஜராத்திலேயே பழையது, க்ஷத்ரபர் என்ற பழைய மன்னர்களின் காலத்துக் கல்வெட்டுகள் அங்கேதான் கனக்க. கல்வெட்டுப் பித்து இல்லாதவர் விரைவாகச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடலாம். பெரிய விசயம் ஊருக்கு வெளியே அஜ்ரக்பூரில் இருக்கிறது. 2016 இல் திறந்த எல்எல்டிசி (லிவிங் அண்ட் லேர்னிங் டிசைன் சென்டர்) என்கிற கைவினை மையம், ஸ்ருஜன் அமைப்பினுடையது. கட்சின் ஒவ்வொரு சமூகத்தின் பூத்தையலையும் தனித்தனியாக விரித்து வைத்திருக்கிறார்கள். ஊசி எந்தப் பக்கத்தால் ஏறி எந்தப் பக்கத்தால் இறங்குகிறது, கண்ணாடித் துண்டை நூலால் எப்படிச் சுற்றிப் பூட்டுகிறார்கள் என்பதைக் கண் வலிக்க வலிக்கப் பார்க்கலாம்.

அந்த அமைப்பின் தொடக்கமே வன்னிக்குத் தெரிந்த கதை. 1969 வறட்சியில் நிவாரண வேலைக்காகத் தானேத்தி கிராமத்துக்குப் போன சந்தாபென் ஷ்ராஃப், சனத்துக்கு இலவசச் சாப்பாட்டை விட வேலைதான் தேவை என்பதைக் கண்டு, அந்தப் பெண்களின் கைத்தையலைச் சேலையில் போட்டு விற்கத் தொடங்கினார். நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அஜ்ரக்பூர்க் கிராமமும் அப்படியே. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு தமட்கா கிராமத்துத் தண்ணீர் குறைந்து, இரும்புச்சத்தும் ஏறி, சாயம் பிடிக்காமல் போனதால், அச்சுத்துணிக்காரர்கள் தண்ணீர் தேடி வந்து புதிதாக அமைத்த ஊர்.

நிலநடுக்கத்துக்கென்றே பூஜியா மலையில் ஸ்மிருதிவன் என்ற நினைவகத்தையும் 2022 இல் திறந்தார்கள், இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். பெரிய, நவீன வேலை, நன்றாகவும் செய்திருக்கிறார்கள். அதில் நிலம் நடுங்குவதை அனுபவமாகக் காட்டுகிற கூடம் ஒன்று உண்டு. அம்மாவை அதற்குள் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு நிலம் அதிர்வது காட்சிப்பொருள் இல்லை.

ஆக, பிள்ளைகளுக்கும் மச்சானுக்கும் ஜெய்சல்மேர், அம்மாவுக்கு அர்ணா ஜர்ணா, தங்கச்சிக்குப் பூஜ். வாக்கெடுப்பு வைத்தால் ஜெய்சல்மேர் வென்றுவிடும், அதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் கோட்டையும் ஒட்டகமும் மணலும் இருக்கிற ஊரில் அருங்காட்சியகம் எப்போதும் மிச்ச நேரத்துக்குத்தான் ஒதுக்கப்படும், ரயிலுக்கு நேரமாகிறது என்று பாதியில் வெளியே வந்துவிடுவார்கள். என் யோசனை இதுதான். ஜோத்பூரில் தங்கி, முதல் வேலையாகக் காலையிலேயே அர்ணா ஜர்ணாவுக்குப் போங்கள், வெயில் ஏற முன்பு அம்மா நடந்துவிடலாம். அது முடிந்த இரவோ மறுநாளோ ஜெய்சல்மேருக்கு ரயில் ஏறி, பொம்மலாட்டம், குளம், கதீன் என்று மற்றவர்களின் ஆசையைத் தீருங்கள். பூஜ் நகரத்தை இந்த முறை விடுங்கள். தங்கச்சி தன் தையல் கூட்டாளிகளோடு தனியாக ஒரு பயணம் போட்டு, அகமதாபாத் வழியாக அங்கேயே போய் ஆறுதலாக நிற்கட்டும், மச்சானையும் பிள்ளைகளையும் பூத்தையலுக்கு முன்னால் நிறுத்தி வைத்தால் அவளாலும் பார்க்க முடியாது.

கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரை விடக் கட்டணம் குறைவு, தனியார் அருங்காட்சியகங்களில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. அர்ணா ஜர்ணாவுக்குப் போக முதல்நாளே தொலைபேசியில் கேட்டு, திறந்திருக்கிறதா, விளக்கம் சொல்ல ஆள் இருப்பாரா, பாட்டுக்காரர் வருவாரா என்று உறுதிப்படுத்துங்கள். ஓட்டோவையோ காரையோ போக வர இரண்டுக்கும் பேசி அங்கேயே நிற்கச் சொல்லுங்கள், திரும்பி வர வீதியில் நின்று மறித்தால் ஒன்றும் கிடைக்காது.